எச்சரிக்கை: தமிழில் பேசினார் என்று நம்பினோம், குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடிக்கும் வரை வீட்டிலேயே வைத்திருந்தோம்

யாங்கூனிலும் பெகு பக்கத்திலும் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்கள் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். வீடு வீடாக வந்து, "குடல்வால் கல்லைக் கரைச்சுக் கொடுக்கிறேன், ஆபரேஷன் வேண்டாம்" என்று பாட்டில் விற்கிற ஒருவரால் என் வீட்டுக்காரர் எமன் வாசல் வரை போய் வந்தார். அந்த ஆளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் பேசுகிற விதத்தையும் கையில் கொண்டு வருகிற படத்தையும் எழுதுகிறேன். பார்த்தவர்களுக்குப் புரியும்.

என் வீட்டுக்காரருக்கு வயது 46. பாயின்னாங் மண்டியில் உளுந்து, பயறு எடை பார்த்துக் கணக்கு எழுதுகிற வேலை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்றார். தொப்புளைச் சுற்றி முறுக்குகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வாயு என்று நினைத்தேன். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன், வாந்தி எடுத்தார். என் மாமியார் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார், அதையும் கொடுத்தேன். அடைத்து வீங்கியிருக்கிற குடல்வாலுக்குப் பேதி மருந்து கொடுத்தால் அது வெடிப்பதற்கு வழி செய்வது போல என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னபோது என்னால் தலை நிமிர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வலி இடம் மாறியிருந்தது. தொப்புளில் இருந்தது வலது பக்கம் கீழே இறங்கி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. இருமினால் அங்கே குத்துகிறது என்றார். வலது காலை நீட்டாமல் மடக்கியே படுத்திருந்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஆளைக் கூட்டி வந்தார். எல்லாரும் அவரைச் 'சயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பர்மாவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வாத்தியாரும் சயா, வைத்தியரும் சயா, நாலு பேர் மதிக்கிற யாரும் சயா. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் என்றால் 'சயாவுன்'. அந்த ஒரு 'வுன்' இவருக்கு உண்டா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. காரணம் என்னவென்றால், அவர் தமிழ் பேசினார். என் மாமியாருக்குப் பர்மிய மொழி கடை கண்ணிக்குப் போகிற அளவுக்குத்தான் வரும். ஆஸ்பத்திரியில் போய் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று சொல்வதற்குள் தடுமாறிப் போவார். இவரோ உள்ளே வரும்போதே, "என்ன ஆத்தா, மகனுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அத்தைக்குப் பாதி பயம் அங்கேயே போய்விட்டது. எனக்கும்தான்.

வயிற்றை அமுக்கிப் பார்த்து, "குடல்வால்ல கல்லு" என்றார். குடல்வால் என்பதைச் சரியாகத்தான் சொன்னார், அதனால்தான் மேலும் நம்பினோம். பிறகு பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படத்தை எடுத்தார். நடுவில் குடல்வால் சிவப்பாக வரைந்திருந்தது. அதிலிருந்து அம்புக்குறிகள் மூளைக்கு, கல்லீரலுக்கு, மூட்டுக்கு, கருப்பைக்கு. "இதுதான் உடம்புக்கு வேர், தங்கச்சி. சர்க்கரை, மூட்டுவலி, பிள்ளையில்லாமை எல்லாம் இங்கேருந்துதான். இதை அறுத்து எடுத்தா கை நடுக்க வியாதி வரும், குடல் புண்ணாகும். வெள்ளைக்காரன் காசுக்காகக் கண்டுபிடிச்ச ஆபரேஷன் இது" என்றார்.

இரண்டு ஊசி போட்டார். பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில் கொடுத்தார், 85,000 கியாட். மூன்று பாட்டில் குடித்தால் கல் கரைந்துவிடுமாம்.

ஊசி போட்டதும் கொஞ்சம் தூங்கினார். சனிக்கிழமை மறுபடி வலி, மறுபடி இரண்டு ஊசி, இரண்டாவது பாட்டில். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை எழுந்து உட்கார்ந்து, "வலியே இல்ல" என்றார். வேர்த்து முகமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் வலி இல்லை. நாங்கள் சாமிக்கு விளக்கேற்றினோம். அந்த ஆள் வந்து, "பார்த்தீங்களா, கல்லு கரைஞ்சிருச்சு" என்று மூன்றாவது பாட்டிலைக் கொடுத்து, பாதிப் பணம் வாங்கிக்கொண்டு போனார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். குடல்வால் என்பது ஒரு பக்கம் மூடிய, சுண்டுவிரல் போன்ற குழாய். அதன் வாய் அடைபட்டால் (மலக்கட்டி, வீங்கிய நெறிக்கட்டித் திசு, சில சமயம் பூச்சி, எப்போதாவது கட்டி) உள்ளே நீரும் கிருமியும் சேர்ந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த அழுத்தம்தான் பெரிய வலி. குழாய் கிழிந்தால் அழுத்தம் இறங்கிவிடும். வலியும் இறங்கும். சில மணி நேரம் நோயாளி பிழைத்துவிட்டது போலத் தெரிவார். அந்த நேரத்தில் சீழ் வயிற்றுக்குள் பரவிக்கொண்டிருக்கும்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அவருக்குக் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டது. வயிற்றில் கை வைத்தேன், பலகை மாதிரி இருந்தது. விரல் அமுங்கவே இல்லை. கரண்ட் வேறு இல்லை, டார்ச் வெளிச்சத்தில் அவர் உதடு எனக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. கொழுந்தன் ஓடிப்போய் டாக்சி பிடித்து வந்தான். அந்த அவசரத்திலும் அத்தை குப்பைக்கூடையைக் கிளறி, ஊசி போட்டு உடைத்துப் போட்டிருந்த கண்ணாடிக் குப்பிகளை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டார். "என்ன போட்டான்னு கேப்பாங்கள்ல" என்றார். படிக்காத என் அத்தைக்கு அன்று வந்த புத்தி எங்கள் யாருக்கும் வரவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். என்னை 'அமா' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு, பர்மிய மொழியில் மெதுவாக, எனக்குப் புரியும் வரை சொன்னார். குப்பிகளை விளக்கில் தூக்கிப் பிடித்துப் படித்தார். ஒன்று டைக்ளோஃபெனாக், வலி மருந்து. இன்னொன்று டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. "இது காய்ச்சலையும் வீக்கத்தையும் அமுக்கிக் காட்டும். நோய் குறையாது, அடையாளம் மட்டும் மறையும்" என்றார். ராத்திரி ஒரு மணிக்கு ஆபரேஷன். வயிற்றைக் கழுவிச் சீழை எடுத்து, குழாய் வைத்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் மறுநாள் என்னிடம் வேறு கேள்விகள் கேட்டார். ஆறு மாதமாக எடை குறைந்ததா? சாயங்காலம் காய்ச்சல் வருமா? ராத்திரி வேர்க்குமா? நான் யோசித்தேன். இவர் கைலி கட்டும்போது முன்பை விட ஒரு மடிப்பு அதிகமாக விழுவதை நான் பார்த்திருக்கிறேன். மண்டி வெயில் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் உடம்பு கணகணவென்று இருக்கும், அலுப்பு என்று விட்டுவிட்டேன். டாக்டர் சொன்னார், குடல்வால் மட்டும் கெடவில்லை, சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடமே தடித்திருந்தது, பக்கத்தில் நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன. 40 வயதுக்கு மேல் ஒருவருக்குக் குடல்வால் அழற்சி வந்தால் பின்னால் குடல் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். ஒரு வெள்ளை டப்பாவில் மருந்து நீருக்குள் வெட்டி எடுத்த குடல்வாலைப் போட்டு, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போகச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். டாக்சியில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். என் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது, ஓரிடத்தில் கருத்துக் கிழிந்திருந்தது.

முடிவு பத்து நாளில் வந்தது. குடல் காசநோய்.

உலக சுகாதார நிறுவனம் காசநோய் அதிகம் என்று குறித்திருக்கிற 30 நாடுகளில் மியான்மரும் ஒன்று. நுரையீரலில்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். வயிற்றில் வரும்போது பெரும்பாலும் குடல்வால் இருக்கிற அந்தச் சந்திப்பில்தான் உட்காருமாம். குடல்வால் வலி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காசநோய் கிடையாது, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட்டால் இருக்கிறவருக்கும் தெரியாமல் போகும். டைபாய்டு, அமீபா சீதபேதி, கிரோன் நோய் என்கிற குடல் அழற்சி, பெண்களுக்குச் சினைப்பை கட்டி முறுக்கிக்கொள்வது, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், இவை எல்லாமே வலது பக்கம் வலித்து, குடல்வால் போலவே நடிக்கக்கூடியவை. அதனால்தான் ரத்தமும் சிறுநீரும் ஸ்கேனும் பார்க்கிறார்கள். படத்தில் அம்புக்குறி போட்டவர் இவற்றில் ஒன்றைக்கூட வாயால் சொல்லவில்லை.

அவர் சொன்னவற்றில் கொஞ்சம் உண்மை கலந்திருந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம். டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குடல்வாலில் நோய் எதிர்ப்புத் திசு இருப்பது உண்மை. நல்ல கிருமிகள் அங்கே பதுங்கியிருந்து பேதிக்குப் பிறகு குடலுக்குத் திரும்புகின்றன என்று ஒரு கருத்தும் இருக்கிறது. எடுத்துவிட்டாலும் கோடிக்கணக்கானோர் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். கை நடுக்க வியாதி, அதாவது பார்க்கின்சன், அதைப் பற்றி நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ஒன்றில் குறைகிறது, ஒன்றில் கூடுகிறது. பெருங்குடல் புண் நோய் விஷயத்தில் அவர் சொன்னதற்கு நேர் எதிர், இளவயதில் அழற்சிக்காகக் குடல்வாலை எடுத்தவர்களுக்கு அந்த நோய் குறைவாகவே வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் குடல்வால்தான் வேர் என்பது சுத்தப் பொய்.

ஆபரேஷன் இல்லாமலே குணமாகும் என்பதும் முழுப் பொய் அல்ல. அமெரிக்காவில் 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்று மாதம் வரை ஆபரேஷன் இல்லாமல் தப்பினார்கள். ஆனால் குடல்வாலில் கல் (இறுகிய மலக்கட்டி) இருந்தவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு அதற்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. அதெல்லாம் ஸ்கேன் எடுத்து, வெடிக்கவில்லை என்று உறுதி செய்து, டாக்டர் கண்காணிப்பில் நடந்தது. பாட்டில் மருந்தால் கல் கரைந்ததாக எங்கும் இல்லை.

வெள்ளைக்காரன் காசுக்காகக் கண்டுபிடித்தது என்றாரே, 1902-ல் பர்மாவையும் சேர்த்து ஆண்ட இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்டுக்கே முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் குடல்வால் சீழ்க்கட்டிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. விழாவைத் தள்ளிவைத்து, சீழை வெளியேற்றிப் பிழைக்க வைத்து, ஆகஸ்டில்தான் முடி சூட்டினார்கள். ராஜாவாக இருந்தாலும் சீழ் வெளியே வந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் அந்த ஆள் மீதிப் பணம் கேட்டு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சமும் கூசாமல், "நான் சொன்னேன்ல, அறுத்ததாலதான் டிபி வந்திருக்கு" என்றார். ஆறு மாதமாக எடை குறைந்த மனிதருக்கு ஒரு மாதத்துக்கு முன் செய்த ஆபரேஷனால் காசநோய் வந்ததாம்! அத்தை எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டு, "தமிழ்ல பேசுறியேன்னுதான்டா உன்ன உள்ள விட்டேன்" என்றார். அதற்கு மேல் அவர் நிற்கவில்லை.

இப்போது இவருக்கு மாத்திரை ஓடுகிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. எங்கள் வட்டார சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். நடுவில் நிறுத்தக் கூடாது. பிள்ளைகள் இருவருக்கும் சோதனை செய்துவிட்டோம், ஒன்றும் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். கைலி மடிப்பு குறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது தொப்புளில் தொடங்கிய வலி வலது பக்கம் கீழே இறங்கினால், பசி போய்விட்டால், வாந்தி வந்தால், விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள், யாரிடமும் ஊசி போடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் வலி இப்படி ஒழுங்காக வராது. கர்ப்பிணிகளுக்கு வலி மேலே ஏறியும் வரலாம். கடுமையாக இருந்த வலி திடீரென்று நின்றால் அன்று விளக்கேற்றாதீர்கள், டாக்சி கூப்பிடுங்கள். பர்மிய மொழி வராது என்றால் 'ஊ அத்தெ' என்று சொல்லி வலது பக்கத்தைக் காட்டினாலே போதும், குடல்வால் என்று அவர்களுக்குப் புரியும். ஆபரேஷன் முடிந்தால் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த மூன்றாவது பாட்டில் மூடி திறக்காமல் என்னிடம் இருக்கிறது. பச்சை மூடி, பழுப்புத் திரவம், ஒட்டியிருக்கிற தாளில் ஒரு வேர் படம், செய்தவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. இதே பாட்டில் உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது இருந்தால், இந்தப் பதிவை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.