டேம்பர் மறுசீரமைப்பு என்ற பெயரில் வெறும் வண்ணப்பூச்சு: ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கராஜில் சொந்தமாக ஒரு காரைப் பிரித்து, வளைவுகளில் உறுதியாகத் திரும்பும்படி மாற்றியமைப்பவர்கள் பெரும்பாலான வேலைகளைத் தாங்களே செய்துவிடுகிறார்கள். ஸ்பிரிங்குகளின் ஆட்டத்தை அடக்கும் டேம்பர்களை (ஷாக் அப்சார்பர்களை) மட்டும் வெளியே கொடுத்தே ஆகவேண்டியிருக்கிறது. உயர் அழுத்த நைட்ரஜனை அடைக்கவும், பிஸ்டன் மீது எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி அடுக்கவும், அதன் பிறகு விசையை அளந்து பார்க்கவும் தேவையான கருவிகள் வீடுகளில் இருப்பதில்லை. அந்த ஓர் இடத்தில்தான் ஒரு சஸ்பென்ஷன் பட்டறை என்னை ஏமாற்றியது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் கையாண்ட முறையை வேறு எவரும் கையாளலாம் என்பதால் அந்த முறையையே விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. நான்கு சக்கரங்களிலும் டபுள் விஷ்போன் அமைப்பு (மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆர்ம்கள் சக்கரத்தைத் தாங்குவது) உள்ள, எடை குறைந்த, பின்சக்கரங்களால் இயங்கும் கார். பழைய ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்புள்ளவற்றை வாங்கியிருந்தேன். ஸ்பிரிங்கின் விறைப்பு இரட்டிப்பானால், அதே கட்டுப்பாட்டைப் பெற டேம்பரின் தணிப்பும் ஏறக்குறைய 1.4 மடங்கு கூட வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் ஏறி இறங்கிய பிறகு ஸ்பிரிங் விடுவிக்கும் ஆற்றலை டேம்பரால் அடக்க முடியாது. ஆகவே நான்கு மோனோடியூப் டேம்பர்களையும் (எண்ணெயும் அழுத்த வாயுவும் ஒரே குழாயில் இருப்பவை) திறந்து, சீல்களையும் எண்ணெயையும் மாற்றி, புதிய ஸ்பிரிங்குகளுக்கு ஏற்ப ஷிம்களை அடுக்கி, நைட்ரஜன் நிரப்பி, விசையை அளக்கும் இயந்திரமான டைனோவில் அளந்து, காரில் பொருத்தி, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மெண்ட்டும் செய்து தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டார்கள்.

கார் திரும்பி வந்தபோது டேம்பர்கள் பளபளப்பாக இருந்தன. டைனோ வரைபடமும், எல்லா அளவுகளும் பச்சை நிறத்தில் காட்டப்பட்ட அலைன்மெண்ட் அறிக்கையும் உடன் இருந்தன. ஆனால் முதல் ஓட்டத்திலேயே ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும் கார் அடங்காமல் ஆடியது. வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பகுதி ஒரு பக்கமாக வெடுக்கென்று விலகியது. பொதுச் சாலையில் அப்படி விலகும் கார் உயிருக்கே ஆபத்தானது; இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுதான் முதல் காரணம்.

வரைபடத்தைக் கவனமாகப் பார்த்தேன். நான்கு டேம்பர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு வளைகோடுதான் இருந்தது. இந்தக் காரின் முன் டேம்பருக்கும் பின் டேம்பருக்கும் தணிப்பு வேறு வேறு. ஒரே கைகள் அமைத்த இரண்டு முன் டேம்பர்களை அளந்தாலும் கோடுகளிடையே சிறு வேறுபாடாவது தெரியும். டேம்பரின் வரிசை எண் அந்தத் தாளில் இல்லை, அளந்த தேதி இல்லை, எண்ணெயின் வெப்பநிலை இல்லை. உடல் சாய்வையும் பிரேக் பிடிக்கையில் மூக்கு தாழ்வதையும் ஆள்வது விநாடிக்கு 0.1 மீட்டருக்கும் குறைவான மெதுவான பிஸ்டன் வேகங்கள்தான். அந்தப் பகுதியில் ஒரு புள்ளிகூடக் குறிக்கப்படவில்லை.

பிறகு ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஒவ்வொரு டேம்பரின் தண்டையும் முழுவதுமாக உள்ளே அழுத்திப் பார்த்தேன். வாயு அழுத்தம் சரியாக உள்ள மோனோடியூபில் தண்டு தானாகவே சீராக வெளியே வர வேண்டும். இரண்டில் வந்தது. இரண்டில் அழுத்திய இடத்திலேயே நின்றது. வாயு அழுத்தம் இல்லாத டேம்பரில் எண்ணெய் நுரைத்துவிடும். எண்ணெய் நுரைத்தபின் தணிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சம்பந்தமில்லாத வேறொரு தொழில்நுட்பவியலாளரிடம் நான்கையும் கொடுத்து, என் கண்முன்னே திறக்கச் சொன்னேன். சீல் மூடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் பள்ளத்தில் புதிய வண்ணம் உடையாத ஒரே படலமாகப் படிந்திருந்தது. அதன் அடியில் பழைய துரு அப்படியே கிடந்தது. உள்ளே கறுத்த எண்ணெய், உதடு தேய்ந்த சீல், தொழிற்சாலையில் அடுக்கிய அதே ஷிம்கள். திறக்கவே இல்லை, கழுவி வண்ணம் பூசியிருக்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் செய்யாத வேலைக்கு வரைபடம் தயாரிக்க ஒருவர் உட்கார்ந்து முனைந்திருக்க வேண்டும்.

அலைன்மெண்ட்டும் அதே கதைதான். காரின் இருபுறமும் நூல் கட்டி, முன் பின் சக்கரங்களின் இடை அகலம் வேறுபடுவதைக் கணக்கில் கொண்டு நூல்களை காரின் நடுக்கோட்டுக்கு இணையாக்கி, ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் அளந்தேன். 400 மில்லிமீட்டர் அகலத்தில் அளக்கையில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய 0.14 டிகிரி டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) ஆகும் என்பதால், ஓர் எஃகு அளவுகோலே இதற்குப் போதும். அறிக்கையில் பின்சக்கரங்கள் இரண்டும் சமமான டோ-இன் (முன்புறம் உள்நோக்கியது) என்று இருந்தது. நூலிலோ இடது பின்சக்கரம் தெளிவாக டோ-அவுட் (முன்புறம் வெளிநோக்கியது). பின்பகுதி விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தக் காரின் பின்சக்கரங்களில் கேம்பரையும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்) டோவையும் கீழ் ஆர்ம்களின் உட்புறத்திலுள்ள, மையம் விலகிய எக்சென்ட்ரிக் போல்ட்டுகளைத் திருப்பித்தான் மாற்ற முடியும். அந்த போல்ட்டுகளின் தலையில் பழைய மண் கலையாமல் இருந்தது. ஸ்பிரிங்குகளை மாற்றியதால் காரின் உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறியே தீரும்; ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பாமல் எல்லாம் பச்சையாக வந்திருக்க வழியே இல்லை.

இன்னொன்று: முன்புற மேல் ஆர்ம்களின் போல்ட்டுகளைச் சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே முறுக்கியிருந்தார்கள். மூட்டில் ரப்பர் புஷ் (உறை) உள்ள ஆர்ம்களை கார் தன் எடையில் நிற்கும்போது முறுக்க வேண்டும். அல்லாவிட்டால் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். தரையில் நிறுத்தி அவற்றைத் தளர்த்திய கணமே முன்பகுதி கண்ணுக்குத் தெரியும் அளவு தாழ்ந்தது.

புகைப்படங்களையும் அளவுகளையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கார் பந்தயத் தடத்தில் ஓட்டப்பட்டிருக்கும், ஆகவே உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. கார் தடத்தைப் பார்த்ததே இல்லை. மாற்றியதாகச் சொன்ன பழைய சீல்களைத் தரும்படி கேட்டபோது, எறிந்துவிட்டோம் என்றார்கள். டேம்பருக்குள் இருந்த சீல்களின் படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை. பணம் இன்னும் திரும்பவில்லை. எழுத்துப்பூர்வமான புகார் நிலுவையில் இருக்கிறது.

டேம்பர்களை எந்தப் பட்டறைக்கும் அனுப்புமுன் சீல் மூடியும் உருளையும் சேரும் இடத்தில் மெல்லிய கீறல் ஒன்றைப் போட்டு, வரிசை எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய சீல்களையும் ஷிம்களையும் ஒவ்வொரு டேம்பருக்கும் தனித்தனிப் பையில் திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர்களுக்கு இதில் எந்தச் சிரமமும் கிடையாது. வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஒவ்வொரு டேம்பருக்கும் தனி வரைபடம் கேளுங்கள். உங்கள் டேம்பர்கள் இப்போது யாரிடமாவது இருந்தால், வண்ணம் பூசுவதற்கு முன், திறந்த நிலையில் எடுத்த படங்களை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். படம் வந்துசேரும் வரை மீதித் தொகையைக் கொடுக்க வேண்டாம்.