மின்சாரக் குழந்தை ஊஞ்சல்: ஒரு பழைய மெக்கானிக்கின் மதிப்பீடு

கைக்குழந்தைக்கு மின்சார ஊஞ்சல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அழுகையை அடக்க வாங்கலாம், தூங்கப் போட வாங்காதீர்கள். எங்கள் ஊஞ்சல் வந்த பெட்டியின் மேல், ஒரு குழந்தை அதில் சாய்ந்து அயர்ந்து தூங்கும் படம் பெரிதாக இருக்கிறது. உள்ளே கிடக்கும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், இதில் நீண்ட நேரம் தூங்க விடக்கூடாது என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டும்.

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் பேத்திக்காக இதை ஹட்டனில் 32,000 ரூபாய்க்கு வாங்கி வந்தாள். தொழிற்சாலையில் புது இயந்திரம் இறங்கினால் தொழிற்சாலைக் காவல் தெய்வமான ரோதமுனிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஓட விடுவோம். இதற்கும் என் மனைவி சூடம் காட்டினாள். பிறகு நான் அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தேன்.

சுற்றும் மோட்டார் எதுவும் உள்ளே இல்லை. இருக்கைக்குக் கீழே ஒரு காந்தம், அடித்தட்டில் ஒரு செப்புக் கம்பிச் சுருள். இருக்கை கடந்து போகும் ஒவ்வொரு முறையும் சுருள் ஒரு சிறு தள்ளு கொடுக்கிறது. பல்சக்கரம் இல்லாததால் சத்தமும் தேய்மானமும் குறைவு. நல்ல வேலைப்பாடு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ‘ஐந்து வேகம்’ என்று விற்கிறார்களே, அது வேகமே அல்ல. ஊசல் ஒரு முறை போய்வர எடுக்கும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது. பொத்தானை அழுத்தினால் ஆட்டத்தின் அகலம்தான் கூடும். விட்டத்தில் ஆறடி நீளத்துக்குத் தொங்கும் சேலைத் தொட்டில் போய்வர ஏறத்தாழ 2.7 விநாடி ஆகும். ஒன்றரை அடிக் கை கொண்ட இந்த ஊஞ்சலுக்கு 1.4 விநாடி போதும். தொட்டிலின் நிதானமான ஆட்டத்தை எந்தப் பொத்தானாலும் இதிலிருந்து வாங்க முடியாது. பிள்ளையின் எடை கூடக் கூட ஆட்டம் சுருங்கவும் செய்கிறது. பேத்தி ஆறு கிலோவைத் தாண்டியதும் முதல் பொத்தான் அநேகமாக வெறும் நடுக்கம்தான்.

இருந்தாலும் அந்திக் கருக்கலில் காரணமில்லாமல் வீறிடும் பிள்ளையை இரண்டாம் பொத்தான் சில நிமிடங்களில் அமைதியாக்கிவிடுகிறது. மகள் ஒரு வாய் சோறு சாப்பிடவும் துணி அலசவும் அந்த நேரம் கிடைக்கிறது. விலையில் பாதி அதற்கே சரியாகிவிட்டது. பாட்டுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அணைத்துவிடலாம்.

என் பெரிய குறை சாய்வைப் பற்றியது. பேரனின் கணிதக் கருவிப் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து, நூலில் ஓர் ஆணியைக் கட்டித் தொங்கவிட்டு அளந்தேன். முழுவதும் படுக்க வைத்த நிலையிலும் முதுகுப்பக்கம் 25 பாகைக்குக் குறையவில்லை. கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்தோ இன்னும் உறுதிப்படாதது. சாய்ந்து தூங்கும்போது தாடை நெஞ்சில் விழுந்தால் மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கி அடைபடும். குழந்தை சத்தம் போடாது, நமக்கும் தெரியாது. அமெரிக்காவில் 2019இல் சாய்வான தூக்கப் படுக்கை ஒன்றை, முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, ஏறத்தாழ 47 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றார்கள். கைக்குழந்தைகள் தூங்குவதற்கென்று செய்யப்படும் பொருள்களில் 10 பாகைக்கு மேல் சாய்வு கூடாது என்று 2022இல் அங்கே சட்டமே வந்தது. ஊஞ்சல் அந்த வகைப் பொருள் இல்லை என்று விற்பவர்கள் சொல்லலாம். தூங்கும் பிள்ளையின் கழுத்துக்கு வகையெல்லாம் தெரியுமா?

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தபோதும் இதையேதான் சொன்னார்: மல்லாக்க, சமமான, இறுக்கமான மெத்தையில், தலையணை இல்லாமல் படுக்க வைக்க வேண்டும். சேலைத் தொட்டிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. துணிக்குள் பிள்ளை வளைந்து கிடக்கும், தாடை அங்கேயும் நெஞ்சில்தான் முட்டும் என்றார். “வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வரிசையாகத் தொட்டில்தான் கட்டியிருந்தது, எல்லாரும் வளரவில்லையா?” என்று என் மனைவி முணுமுணுத்தாள். அவர் போன பிறகுதான்.

பிள்ளை தூங்கியதும் எடுத்துப் பாயில் போட்டால் உடனே விழித்துக்கொள்கிறதே என்பது மகளின் முறைப்பாடு. அதற்கு ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ஒரு வழியைக் கைப்பேசியில் படித்துக் காட்டினாள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கியதும் ஐந்து முதல் எட்டு நிமிடம் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்து, அதன் பிறகே படுக்க வைக்க வேண்டும். 21 குழந்தைகளைக் கொண்டு பார்த்த சிறிய ஆய்வுதான். எங்கள் வீட்டில் பெரும்பாலும் பலிக்கிறது. இப்போது ஊஞ்சல் அழுகையை நிறுத்துகிறது, நடப்பது என் பொறுப்பு. செலவில்லாத இயந்திரம் நான்தான்.

மலையகத்துக்காரர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தை, மாசிக் குளிரில் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை போட்டால் இடுப்புப் பட்டி எட்டாது. பட்டியைத் தளர்த்தாமல் மெல்லிய சட்டைகளை அடுக்கிப் போடுங்கள், மேலே போர்வை போடாதீர்கள். மழைக்காலக் காற்றில் மின்சாரம் போனால் ஊஞ்சல் சட்டென்று நிற்காமல் மெல்ல மெல்லத் தணிகிறது, பிள்ளை திடுக்கிடுவதில்லை. கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கிலும் ஓடுகிறது. பழைய சிமெந்துத் தரை மேடுபள்ளமாக இருந்தால்தான் சிக்கல். நான்கில் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், மூன்றாம் பொத்தானுக்கு மேல் முழு ஊஞ்சலும் நகரத் தொடங்கும். நான் சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டியிருக்கிறேன்.

வாங்கப் போகும்போது ஐந்து கிலோ அரிசிப் பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடையில் மகளுக்கு வெறும் இருக்கையைத்தான் ஆட்டிக் காட்டினார்கள், வெறும் இருக்கை எல்லாமே அழகாகத்தான் ஆடும். பையை வைத்துப் பட்டியைப் பூட்டச் சொல்லி, கடைசிப் பொத்தானில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். கால் தூக்கினாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.