இம்பீரியல் அரமேய எண்குறிகள்: சில ஆண்டுகள் புழங்கிய அனுபவம்

எகிப்தில் அஸ்வானை ஒட்டிய எலிபன்டைன் தீவில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டு அரமேய (பாரசீகப் பேரரசின் அலுவல் மொழி) பாப்பிரஸ் ஆவணங்களை எனக்கென ஒரு தரவுத்தளத்தில் சேர்த்துவருகிறேன். சில ஆண்டுகளாக அவற்றின் எண்களை யூனிகோடின் இம்பீரியல் அரமேயக் குறிகளிலேயே அடிக்கிறேன். இவை 2009இல், 5.2 பதிப்பில் வந்தவை. பண்டைய ஆவணங்களைப் படியெடுப்பவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.

மொத்தமே எட்டுக் குறிகள்: 1, 2, 3, 10, 20, 100, 1000, 10000. பூஜ்யம் கிடையாது. சிறிய எண்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நூறுகளுக்கு மட்டும் பெருக்கல்: 200 என்றால் 2, பிறகு 100. நம் பழைய தமிழ் எண் ௨௱ போலத்தான், ஓட்டம் மட்டும் வலமிருந்து இடம்.

கி.மு. 407இல் எலிபன்டைன் யூதர்கள் யூதேயா ஆளுநர் பகோஹிக்கு எழுதிய மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். இடிக்கப்பட்ட கோயிலைத் திரும்பக் கட்ட உதவி கேட்கும் அந்த மனுவின் தேதி, பாரசீக மன்னர் இரண்டாம் தாரியுவின் 17ஆம் ஆண்டு, மர்ஹெஷ்வான் மாதம் 20. இந்தக் குறிகளில் 17 என்பது 10, 3, 3, 1. ஒன்றைக் குறிக்கும் கோடுகளை மும்மூன்றாகச் சேர்த்து எழுதும் எழுத்தரின் பழக்கம் அப்படியே கோப்பில் நிற்கிறது. வெறும் 17 என்று அடித்தால் அது போய்விடும். எனக்கு இதுவே பெரிய லாபம்.

தேடல்தான் படுத்துகிறது. ஐந்தை ஒருவர் 3, 2 என்று அடிப்பார். இன்னொருவர் 3, 1, 1 என்பார். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் (normalization) இந்த இரண்டையும் ஒன்றாக்காது. பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு குறியின் மதிப்பும் கிடைக்கும். முழுத்தொடரை நேரே எண்ணாக மாற்ற முடியாது, கூட்டலையும் பெருக்கலையும் நாமே எழுத வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் வழக்கமான 0-9 இலக்கத்தில் தனிப் புலம் வைத்திருக்கிறேன், தேடுவது அதில்தான்.

தமிழ் வரிக்குள் அரமேய எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் 17 என்று போட்டால், அந்த 17 அரமேய எண்ணுக்கு இடப்பக்கம் தாவிவிடும். அரமேயப் பகுதியைத் திசைப் பிரிப்புக் குறிகளுக்குள் (directional isolates, கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறிகள்) அடைத்தால் சரியாகும். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு குறிக்கு 4 பைட் வேண்டும். 3 பைட்டோடு நிற்கும் பழைய தரவுத்தள அமைப்புகளில் சேமிக்காதீர்கள். எழுத்துருவுக்கு இலவசமான நோட்டோ சான்ஸ் இம்பீரியல் அராமைக் போதும்.

அடுத்து நபட்டேயக் (பெட்ரா நகரைக் கட்டிய பண்டைய அரபு மக்களின்) கல்வெட்டுகள். 2014இல் யூனிகோடில் சேர்ந்த அந்த எழுத்துமுறையில் நான்குக்கே இரண்டு குறிகள் உண்டு. ஒன்று சிலுவை வடிவம். கல்லில் எது இருக்கிறதோ அதையே அடிக்கப்போகிறேன்.