கிணற்றடியிலும் குசினியிலும் புழங்குகிற கைகளில் ஜெல் பொலிஷ்: என் அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் ஜெல் பொலிஷ் போட்டுப் பார்த்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும்: "ஒரு கிழமை கூட நிக்கேல்லை, அப்படியே கழண்டு போச்சு." உடனே போத்தலில்தான் பிழை என்று முடிவுகட்டி, அடுத்த தடவை விலை கூடிய பிராண்டைத் தேடுவார்கள். சில வருடங்களாகத் தொடர்ந்து ஜெல் போட்டு வருகிறேன். டவுனில் ஒரு பார்லரிலும் போடுவேன், பரந்தனிலுள்ள எங்கள் வீட்டிலும் போடுவேன். மலிவான போத்தலும் விலை கூடின போத்தலும் என் நகத்தில் இரண்டு கிழமைக்கு மேல் நின்றிருக்கின்றன. அதனால் நான் போத்தலை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதல் பூச்சு படுவதற்கு முன்னால் நகத்துக்கு என்ன செய்தோம், போட்ட பிறகு கை எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருக்கிறது என்பவைதான் முதலில் வரவேண்டும்.

நாங்கள் வழமையாகப் போடுகிற கியூட்டெக்ஸ் காற்றில் காய்வது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாக, நிறம் படலமாக மிஞ்சும். ஜெல் அப்படிக் காயாது. கையை உள்ளே வைக்கிற சின்ன லாம்ப்பின் புற ஊதா ஒளி பட்டதும் அதிலுள்ள அக்ரிலேட் வகைச் சேர்மங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான பிளாஸ்டிக் படலமாகின்றன. மருதோண்டி நகத்துக்குள் ஊறிச் சிவப்பதால், அந்த நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை நிறம் போகாது. ஜெல் நகத்தின் மேலே ஒட்டிக்கொண்டு மட்டும்தான் இருக்கிறது. அந்த ஒட்டு ஒரு ஓரத்தில் விட்டால் போதும், அதற்குள் தண்ணீர் போய் மிச்சத்தையும் கிளப்பிவிடும். 2010இல் அமெரிக்காவின் சி.என்.டி நிறுவனம் ஷெலாக் என்ற பெயரில், பிரஷால் பூசி ஊறவைத்துக் கழற்றும் பொலிஷைக் கொண்டுவந்தபோது சொன்ன கணக்கு 14 நாள். அந்தக் கணக்கு எங்கள் ஊர்க் கைகளுக்கும் சாத்தியம் என்பதை என் கையிலேயே பார்த்துவிட்டேன்.

இனி ஆயத்த வேலை. நகம் தொடங்குகிற அடிப்பக்கத்தில், தோல் முடிகிற இடத்தில், நகத்தோடு ஒட்டினபடி மெல்லிய இறந்த தோல் ஒன்று படர்ந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதன் மேல் ஜெல் பூசினால் ஜெல் ஒட்டியிருப்பது நகத்தில் அல்ல, அந்தத் தோலில். இரண்டு மூன்று நாளில் தோல் உரிய, ஜெல்லும் அடியிலிருந்து கிளம்பும். அதை மரக்குச்சியால் மெதுவாகப் பின்தள்ளிச் சுரண்டி எடுக்கவேண்டும். உயிருள்ள தோலை வெட்டக்கூடாது, அது கிருமிக்கு வாசல் திறந்துவிடுகிற வேலை. அதன் பிறகு 180 அல்லது 240 இலக்கமுள்ள பஃபரால் (நகம் தேய்க்கிற சொரசொரப்பான கட்டை) நகத்தின் மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும் தேய்க்கவேண்டும். கூடத் தேய்த்தால் நன்றாக ஒட்டும் என்று சில பார்லர்களில் மெஷினால் அரைக்கிறார்கள். நகத்தின் தடிப்பே ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். அதை அரைத்தால் நகம் வளைய ஆரம்பிக்கும், வளைகிற நகத்தில் கெட்டியான ஜெல் வெடிக்கும்.

தேய்த்த தூளைத் துடைத்த பிறகு ஐசோப்ரோபைல் அற்ககோல் அல்லது அசற்றோன் தொட்ட, பஞ்சுத்தும்பு விடாத துண்டால் ஒவ்வொரு நகத்தையும் பக்கவாட்டு மடிப்பு உட்படத் துடைக்கவேண்டும். இதற்குப் பிறகு விரலால் நகத்தைத் தொடவே கூடாது, தலைமயிரைக் கோதவும் கூடாது. எங்கள் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைக்காத நாள் குறைவு. எண்ணெய் வைத்த கையால் போட்ட ஜெல்லும் எண்ணெய் முழுக்கு அன்றே போட்ட ஜெல்லும் நிற்பதில்லை. ஆகவே ஜெல் போடுகிற நாளில் எண்ணெய் வேலையைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைப்பேன்.

இன்னொன்று, பார்லரில் முதலில் கையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறப்போடுகிற வழக்கம். சாதாரண கியூட்டெக்ஸுக்கே அது அவ்வளவு நல்லதில்லை, ஜெல்லுக்கு வேண்டவே வேண்டாம். நகம் தண்ணீரை உறிஞ்சிச் சற்று ஊதும். ஊதின நகத்தின் மேல் ஜெல்லை இறுக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், நகம் காய்ந்து தன் அளவுக்குச் சுருங்கும், ஜெல் சுருங்காது. ஒட்டு விடுகிற இடம் அதுதான். இப்போது பார்லருக்குப் போனதும், "அக்கா, தண்ணீரில வைக்க வேண்டாம், காய்ஞ்சபடியே செய்யுங்கோ" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பூச்சு மெல்லியதாக இருக்கவேண்டும். நிறத்துக்கு அடியில் பூசுகிற பேஸ் கோட் நகத்தில் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிசு போதும். நிறம் இரண்டு மெல்லிய கோட், அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே மினுக்கத்துக்கு டொப் கோட். கறுப்பு, கடும் நீலம், பால் வெள்ளை போன்ற நிறங்களில் நிறமிகள் ஒளியை மறிப்பதால், தடிப்பாகப் பூசினால் மேலே இறுகி அடியில் இளகியே இருக்கும். வெளியில் பார்க்கச் சரியாகத் தெரியும், சில நாளில் சுருக்கம் விழும் அல்லது ஒரு துண்டாகக் கழன்றுவிடும். லாம்ப்புக்குள் விரல் சுட்டால் அதுவும் பெரும்பாலும் தடிப்பாகப் பூசியதன் அடையாளம்தான். சேர்மங்கள் பிணையும்போது வெப்பம் வெளிவரும், ஜெல் கூடினால் வெப்பமும் கூடும்.

ஒவ்வொரு கோட்டிலும் நகத்தின் நுனி விளிம்பைப் பிரஷால் ஒரு தடவை மூடிவிடவேண்டும். தேங்காய் திருவும்போதும் சட்டி உரஞ்சும்போதும் முதலில் அடிபடுவது அந்த நுனிதான். அதே நேரம் ஜெல் சுற்றியுள்ள தோலில் படக்கூடாது. பட்டால் லாம்ப்பில் வைப்பதற்கு முன்பே குச்சியால் துடைத்து எடுக்கவேண்டும். பெருவிரலைத் தனியாக லாம்ப்பில் வைப்பதும் முக்கியம். நான்கு விரலோடு சேர்த்து வைத்தால் பெருவிரல் நகம் பக்கவாட்டில் திரும்பி நிற்கும், ஒளி நேராகப் படாது. முதலில் கழல்வது பெருவிரல்தான் என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாம்ப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். எல்.ஈ.டி லாம்ப்புகள் பெரும்பாலும் 365, 405 நானோமீற்றர் அலைநீள ஒளியைத் தருகின்றன. ஜெல்லில் உள்ள ஒளி தூண்டும் பொருள் எந்த அலைநீளத்துக்கு வேலை செய்யுமோ அந்த ஒளி போதிய அளவு கிடைக்கவேண்டும். ஜெல்லோடு அதே நிறுவனத்தின் லாம்ப்பை வாங்கச் சொல்வது வியாபாரப் பேச்சு மட்டும் இல்லை. கரண்ட் போகிற நேரத்துக்கென்று பவர் பேங்கில் வேலை செய்கிற சின்ன லாம்ப்பை நானும் வைத்திருக்கிறேன். ஒரு நகம் உடைந்தால் திருத்த அது உதவும், பத்து விரலுக்கும் நான் அதை நம்பமாட்டேன். இடையில் கரண்ட் போனால் பதற்றம் தேவையில்லை. யன்னல் வெளிச்சத்திலிருந்து கையைத் தள்ளிவைத்துக்கொண்டு, வந்ததும் அந்தக் கோட்டுக்கு முழு நேரமும் திரும்பக் கொடுத்தால் சரி. வெயிலிலும் புற ஊதா ஒளி இருக்கிறது, அது ஜெல்லைச் சீரில்லாமல் இறுக்கும். போத்தலையும் அலுமாரிக்குள் வைக்கவேண்டும். ஆவணி வெக்கையில் ஜெல் தண்ணியாக ஓடித் தோலுக்குள் இறங்கிவிடும். அதனால் அந்தக் காலத்தில் நான் காலையிலேயே போட்டுவிடுவேன்.

போட்ட பிறகு நடப்பதுதான் எங்களுக்குப் பெரிய சவால். கொழும்பில் ஏசி அறையில் வேலை செய்கிற பெண்ணின் கையும், கிணற்றடியில் உடுப்புத் தோய்த்து, மூன்று வேளை பாத்திரம் கழுவி, முற்றத்துக் கத்தரிக்கு மண் அணைக்கிற கையும் ஒன்றல்ல. எனக்கு ஜெல் போடுகிற அக்கா சொல்வார்: "பிள்ளை, தண்ணிக்குள்ள கை வைக்காத எண்டு சொன்னா இஞ்ச ஆரும் கேக்கமாட்டினம். கிளவுஸ் போடு எண்டாவது கேளுங்கோ." நான் கேட்டேன். பாத்திரத்துக்கும் உடுப்புக்கும் ஒவ்வொரு சோடி றப்பர் கிளவுஸ் குசினியில் தொங்குகிறது. உள்ளே வியர்த்தால் அந்த ஈரமும் தண்ணீர்தான் என்பதால் உட்பக்கம் துணி வைத்ததை வாங்கினேன். இந்த ஒரு மாற்றம் எந்தப் பிராண்ட் மாற்றத்தையும் விடக் கூடுதல் நாள் தந்தது.

மஞ்சளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளிர் இளஞ்சிவப்பு, பால் நிறம் போட்டுவிட்டுக் கையால் குழம்புச் சோறு குழைத்துச் சாப்பிட்டால், வலது கை நகங்கள் மட்டும் மஞ்சள் பூத்துவிடும். சாப்பிட்ட உடனே அற்ககோல் தொட்டுத் துடைத்தால் பெரும்பகுதி போகும். மிஞ்சின சாயல் வெளிச்சத்தில் தானாக மங்கும், ஏனென்றால் மஞ்சளின் நிறப்பொருள் வெயிலைத் தாங்காது. எனக்கு இப்போது மண் நிறமும் கடும் சிவப்பும்தான் வசதி. நுளம்புக்குப் பூசுகிற கிறீமிலும் கவனம் வேண்டும். டீட் (DEET) என்ற நுளம்பு விரட்டும் பொருள் உள்ள கிறீம் சில பிளாஸ்டிக்குகளை இளக்கக் கூடியது, டொப் கோட்டின் மினுக்கத்தை எடுத்துவிடும். பூசினால் விரல் நுனியைத் துடைத்துவிடுங்கள். முன்னே தள்ளிவைத்த எண்ணெயை இப்போது தாராளமாக வைக்கலாம். ஒவ்வொரு இரவும் நகத்தைச் சுற்றி ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வெடிக்காது, நகமும் முறியாமல் வளைந்துகொடுக்கும்.

கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். ஒட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூன்றாவது கிழமையில் அடியில் வெறும் நகம் தெரியும், நுனி நீண்டு பாரம் முன்பக்கம் போகும், எங்காவது இடித்தால் நகத்தோடு சேர்ந்தே முறியும். ஒரு மாதம் தாண்டி வைத்திருப்பதைச் சாதனையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் மூன்று கிழமைக்குள் எடுத்துவிடுவேன். வட்டாப்பளைப் பொங்கலோ கலியாண வீடோ வந்தால் இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போடுவேன், ஏதாவது நகம் கிளம்பினால் திருத்த நேரம் இருக்கும்.

கழற்றுவதில் அவசரப்படவே கூடாது. ஓரம் கிளம்பியிருக்கிறதே என்று நகத்தால் நெம்பி உரித்தால், ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்கும் வரும். அந்த இடம் வளர்ந்து போக மாதங்கள் எடுக்கும், அதுவரை அதன் மேல் எந்த ஜெல்லும் நிற்காது. டொப் கோட்டை அரத்தால் தேய்த்து, அசற்றோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் இருந்தால், ஜெல் தானாகப் பொருக்காகி எழும்பும். எழும்பாத இடத்துக்குத் திரும்பப் பஞ்சு வையுங்கள், சுரண்டாதீர்கள். அசற்றோன் சட்டென்று தீப்பற்றும், அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் பக்கத்தில் வேண்டாம்.

உடம்புக்குத் தீங்கில்லையா என்று அம்மாமார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எனக்குப் பெரிய கவலை ஒவ்வாமைதான். ஹீமா (HEMA) என்ற, அக்ரிலேட் குடும்பத்துச் சேர்மம் பல ஜெல்களில் இருக்கிறது. இறுகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால், ஒரு கட்டத்தில் விரல் நுனி சிவந்து கடித்து வெடிக்கும். அந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பல் அடைப்பிலும் எலும்பு சத்திரசிகிச்சைச் சீமெந்திலும் இதே குடும்பப் பொருள்கள் இருப்பதால், பிறகு ஆஸ்பத்திரியிலும் அது பிரச்சினையாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி ஹீமா உள்ள நகப் பொருள்கள் தொழில்முறைப் பாவனைக்கு மட்டும்தான். ஒளி தூண்டும் பொருளான டி.பி.ஓவை (TPO) 2025 செப்டெம்பர் 1 முதல் அங்கே முற்றாகத் தடை செய்திருக்கிறார்கள். லாம்ப்பின் ஒளி பற்றி 2023இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள், ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் பாதிப்பைக் கண்டார்கள். அது உயிரணுவில் பார்த்தது, மனிதக் கையில் அல்ல. ஆனாலும் விரல் நுனி வெட்டின கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் நான் லாம்ப்பில் கை வைக்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே ஜெல்லைக் கழற்றிவிடவேண்டும். விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கிற கருவிக்குக் கடும் நிறங்கள் இடைஞ்சலாகலாம்.

பெரும்போக அறுவடைக் காலத்தில் வயலுக்கும் களத்துக்கும் போகவேண்டியிருப்பதால் நான் ஜெல் போடுவதே இல்லை. அந்தக் கிழமைகளில் நகம் வெறுமனே, எண்ணெயோடு இருக்கும். அதன் பிறகு போடுகிற முதல் ஜெல்தான் வருடத்திலேயே நன்றாக நிற்பது.

பார்லர் தேடுகிறவர்களுக்கு ஒன்று. சுவரில் மாட்டியிருக்கிற படங்களைப் பார்க்காமல், முன்னால் இருக்கிறவருக்கு எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பாருங்கள். தோலில் பட்ட ஜெல்லைத் துடைத்துவிட்டு லாம்ப்பில் வைக்கிறார்களா, பெருவிரலைத் தனியாக வைக்கிறார்களா, பழைய ஜெல்லை ஊறவைத்து எடுக்கிறார்களா அல்லது நெம்பி எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். அப்புறம், போத்தலின் பின்பக்கத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கேளுங்கள். எங்கள் அக்கா கேட்டதும் எடுத்துத் தருவார். அதனால்தான் டவுனில் வேறு கடைகள் திறந்த பிறகும் நான் அவரிடமே போகிறேன்.