ஏ.ஏ. கூட்டங்கள்: சில வருடங்கள் போய் வந்ததில் தெரிந்துகொண்டவை

குடியை நிறுத்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். சாயங்காலம் எத்தனை மணிக்கு உங்கள் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும்? எனக்கு ஏழு மணி. டாஸ்மாக் மதியம் 12 முதல் இரவு 10 வரை திறந்திருந்தாலும் எனக்கு ஆபத்து ஆபீஸ் விட்டுக் கிளம்பும் அந்த ஒன்றரை மணி நேரம்தான். சென்னையில் பல குழுக்கள் கூடுவதும் ஏறக்குறைய அதே நேரத்தில். ஊரின் அந்தக் கோடியில் ஞாயிறு காலை நடக்கும் பிரமாதமான கூட்டத்தைவிட, வீட்டுக்குப் போகிற வழியில் ஏழு மணிக்கு நடந்த சுமாரான கூட்டம்தான் எனக்குக் கைகொடுத்தது.

தேடுவது சிரமமில்லை, ஆனால் சலிப்பு. ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் தொடங்கலாம். அங்கே இருக்கும் முகவரியை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ இரவல் இடத்தில் நடப்பவை இவை. திருவிழா, பரீட்சை என்றால் இடம் மாறிவிடும். பூட்டிய கேட்டின் முன் நின்று திரும்புகிறவனுக்கு அடுத்த நிறுத்தம் எது என்று சொல்லத் தேவையில்லை. உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டால் எடுப்பவரும் குடியை விட்டவராகவே இருப்பார். சிலர் தெருமுனைக்கே வந்து அழைத்துப்போவார்கள். ‘ஓப்பன்’ கூட்டம் என்றால் மனைவி, அண்ணன் யாரையும் கூட்டிப் போகலாம். ‘க்ளோஸ்டு’ கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும்.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம்தான் பலரை நிறுத்துகிறது. பெயர்ப் பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் போதும் என்பது குழுக்களை நடத்த அவர்கள் வைத்திருக்கும் ‘மரபுகள்’ என்ற விதிகளில் மூன்றாவது. நான் போகும் இடம் ஒரு எட்டாம் வகுப்பு அறை. கரும்பலகையில் அன்றைய கணக்குப் பாடம் அழியாமல் இருக்கும். அதன்மேல், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளை அச்சடித்த துணி பேனரை ஆணியில் மாட்டுவார்கள். பெரிய மனிதர்கள் முழங்கால் இடிக்கச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. முடித்ததும் நன்றி, அடுத்தவர். நடுவில் ஒரு பை சுற்றி வரும், பத்து ரூபாயும் போடலாம், போடாமலும் கடத்தலாம். எனக்குப் பேச்சு வராமல் திணறியபோது பக்கத்தில் இருந்த பெரியவர், “பேச வேண்டாம் தம்பி, உட்காருங்க, போதும்” என்றார். பல வாரங்கள் அப்படி உட்கார மட்டும்தான் செய்தேன்.

குறைகளும் உண்டு. சில குழுக்களில் பழைய ஆட்கள் இருவர் மூவரே ஒன்றரை மணி நேரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப அதே குடிகாலப் புராணம். இறைவன் பற்றிய பேச்சு நாத்திகர்களுக்கு நெருடும். ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் படிகளில் இருக்கிறது. பெரியார் பக்தரான என் நண்பர் ஒருவர் அந்தக் குழுவையே தன் கடவுளாக வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். ஆண்கள் நிரம்பிய அறைக்குள் தனியாக நுழைவது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால் ஆச்சரியம் இல்லை. கொரோனாவுக்குப் பின் பரவலாகிவிட்ட ஆன்லைன் கூட்டங்கள் அவர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் வசதி. எனக்கு ஆன்லைன் ஒட்டவில்லை. கேமராவை அணைத்துவிட்டால் நான் என்ன செய்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் ஏ.ஏ.வே சரியில்லை என்று முடிவு கட்டாமல் இன்னும் நாலைந்தைப் பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் குழுவில் வாய் திறக்காதவர்கள் தமிழ்க் குழுவில் கொட்டித் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில் தொடங்கிய ஏற்பாடு இது. வெறும் பேச்சில் என்ன ஆகும் என்று நானும் கேட்டவன்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின், 2020இல் வந்த ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகள், குடியை முழுதாக விட்டிருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளை விஞ்சின என்றது. என் அனுபவத்தில் அதில் பாதி வேலை ஸ்பான்சருடையது, அதாவது நமக்கு முன்பே குடியை விட்டு, இப்போது நமக்குத் துணை நிற்கும் உறுப்பினருடையது. கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது யார் பேச்சு உங்களுக்கு ஒட்டுகிறதோ அவரிடம் நம்பர் வாங்குங்கள். கல்யாண வீட்டு மாடியில் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்கும்போது போன் போட ஒரு ஆள் வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தினமும் அதிகம் குடிப்பவர் கூட்டத்தில் கேட்ட வேகத்தில் மறுநாளே ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களும் உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண். ஏ.ஏ. அதற்கு மாற்று அல்ல. மருத்துவம் முடிந்த பிறகு வரும் நீண்ட சாயங்காலங்களுக்கானது.

வீட்டுக்காரர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. குடிப்பவர் வர மறுத்தாலும் அவர்கள் போகலாம். என் மனைவி எனக்கு முன்பே அங்கே போக ஆரம்பித்துவிட்டாள். சட்டைப் பையைச் சோதிப்பதை அவள் நிறுத்தியபோதுதான் எனக்கு உள்ளூர பயம் வந்தது.

நடுவில் ‘ஸ்லிப்’ ஆகிக் குடித்துவிட்டால் எப்படி முகத்தைக் காட்டுவது என்று தயங்கவேண்டாம். எங்கள் குழுவில் அந்த நிலையிலேயே வந்தாலும் பெஞ்சில் இடம் தருவார்கள். அன்றைக்குப் பேச மட்டும் விடமாட்டார்கள்.