ஆனடேட்ங்கற ஒரு வார்த்தைய வச்சு ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ரிவ்யூ

தர்மபுரில பி.ஏ இங்கிலீஷ் படிக்கற பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேங்க. எந்த டிக்‌ஷனரி வாங்கலாம்னு பசங்களோட அப்பா அம்மா கேட்டுட்டே இருக்காங்க, என் பதில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரிதான். ஏன்னு சொல்ல ஆனடேட் (annotate)ங்கற ஒரு வார்த்தை போதும்.

செமஸ்டர்ல பொயட்ரி பேப்பர்ல ஆனடேட் பண்ணச் சொல்லி ஒரு கேள்வி வரும் பாருங்க, ரெண்டு மூணு வரி குடுத்திருப்பாங்க, அது யார் எழுதுனது, எந்தப் பாட்டுல எந்த இடத்துல வருது, என்ன சொல்ல வருது, அதுல என்ன விசேஷம்னு எழுதணும். பசங்க போன்ல தமிழ் மீனிங் மட்டும் பாத்தா குறிப்பு எழுதுன்னு இருக்கும், சரின்னு மொத்த பாட்டுக்கும் சம்மரி எழுதி வச்சுட்டு வந்துடறாங்க, பக்கம் பக்கமா எழுதியும் மார்க் வராது. பாவமா இருக்கும்.

இந்த டிக்‌ஷனரில அந்தக் குழப்பத்துக்கே எடம் இல்ல. ஒரு புக்குலயோ டெக்ஸ்ட்லயோ விளக்கமோ கருத்தோ சொல்ற மாதிரி குறிப்பு சேக்கறதுன்னு ஒரே வரி, அவ்ளோதான். சேக்கறதுங்கறதுதான் முக்கியம், ஏற்கனவே ஒண்ணு இருக்கணும், அதுமேலதான் நாம எழுதறோம். வெர்புக்கு பக்கத்துலயே ஆனடேட் சம்திங்னு போட்டிருப்பாங்க, அதாவது எதைங்கற கேள்விக்கு பதில் இல்லாம இந்த வெர்ப் நிக்காது. க்ளாஸ்ல லெக்சரர் பேசறத எழுதிக்கறது நோட்ஸ் எடுக்கறது, அதுக்கு டேக் நோட்ஸ்னு சொல்லணும். புக்குல அந்த வரி பக்கத்துல பென்சில்ல விளக்கம் எழுதுனா அது ஆனடேட். எதால, என்னென்ன சேத்துனு சொல்லணும்னா வித் போடணும், ஷீ ஆனடேட்டட் த போயம் வித் ஹெர் ஓன் கமெண்ட்ஸ் அப்படின்னு. நவுன் ஆனடேஷன், குறிப்போட வர்ற பதிப்புக்கு ஆனடேட்டட் எடிஷன்.

நான் இத சொல்லிக் குடுக்கறப்போ நம்ம ஊரு பாட்டத்தான் எடுப்பேன். புறநானூறு 91, அதியமான் நெல்லிக்கனி குடுத்ததுக்கு ஔவையார் பாடுனது. பாட்டுக்குள்ள அதியர் கோமான் அஞ்சின்னு அதியமான் பேர் வரும், பாடுனவங்க பேர் வராது. கீழ திணை, துறை போட்டு, நெல்லிப்பழம் வாங்கிட்டு ஔவையார் பாடுனதுன்னு ஒரு குறிப்பு இருக்கு பாருங்க, அதனாலதான் நமக்கு தெரியுது. உ.வே.சா 1894ல புறநானூற அச்சு போட்டப்போ பழைய உரையோடதான் போட்டார், அந்த உரையும் 266 பாட்டு வரைக்கும்தான் கெடச்சிருக்கு. இத சொன்ன உடனே பசங்களுக்கு பிடிபட்டுடும், பாட்டு வேற, பாட்டுமேல ஏறி உக்காந்திருக்கற குறிப்பு வேற. அதியமான்கோட்டை வழியா டெய்லி பஸ்ல வர்ற பசங்க, ஆர்வமா கேப்பாங்க.

சயின்ஸ் பசங்களுக்கும் இது ஒதவும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி டேம் படம் வரைஞ்சு மதகு, கரை, தென்பெண்ணைன்னு பேர் மட்டும் போட்டா அது லேபிள். மதகு பக்கத்துல இது வழியாத்தான் பாசனத்துக்கு தண்ணி போகுதுன்னு எழுதுனா அது ஆனடேட்டட் டயக்ராம். ஆனா படத்துக்கு வர்ற இந்த அர்த்தம் ஆக்ஸ்ஃபோர்டு விளக்கத்துல நேரா இல்ல, கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரில டெக்ஸ்ட் கூடவே டிராயிங்னும் சொல்லியிருக்காங்க, அதனால ரெண்டையும் பாத்துக்கறது நல்லது. இப்ப வேலை விளம்பரத்துல வர்ற டேட்டா ஆனடேஷனும் இதே வார்த்தைதான், போட்டோல கார் எது ஆள் எதுன்னு கட்டம் போட்டு பேர் குடுத்து கம்ப்யூட்டருக்கு கத்துக்குடுக்கற வேலை.

உச்சரிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டு வெப்சைட்ல ரெண்டு ஸ்பீக்கர் பட்டன் இருக்கு, ஒண்ணு பிரிட்டிஷ், ஒண்ணு அமெரிக்கன். நம்ம பக்கம் அனோட்டேட்னு நடுவுல அழுத்தறோம், ஆடியோல மொத எழுத்துலதான் அழுத்தம், ஆனடேட். ஸ்பெல்லிங்ல ரெண்டு என், ஒண்ணு போட்டா தப்பு. லத்தீன்ல நோட்டான்னா அடையாளம், அதுக்கு முன்னாடி அட் சேந்து வந்ததுனாலதான் அந்த ரெண்டு என்.

இந்த புக்கு இவ்ளோ சுலபமா புரியறதுக்கு காரணம் இருக்குங்க. ஜப்பான்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்த ஹார்ன்பி, இன்னும் ரெண்டு பேரோட சேந்து, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்குன்னே பண்ணுனது. 1942ல டோக்கியோல வந்துச்சு, 1948ல ஆக்ஸ்ஃபோர்டு போட்டாங்க, 10வது பதிப்பு 2020ல வந்துச்சு. மத்த டிக்‌ஷனரில ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பாத்தா அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடணும், இதுல தெரிஞ்ச வார்த்தைலயே சொல்லிடறாங்க.

தமிழ் அர்த்தம் இதுல கிடையாது, இங்கிலீஷ்லயேதான் இருக்கும். மொத வருஷம் படிக்கறவங்க கொஞ்சம் திணறுவாங்க, அவங்க பக்கத்துல ஒரு இங்கிலீஷ்-தமிழ் அகராதியும் வச்சுக்கட்டும். புக்கு நல்ல கனம், பைல போட்டு காலேஜுக்கு தூக்கிட்டு போக முடியாது, வீட்ல வச்சுக்கதான் சரி. வெப்சைட் ஃப்ரீ, நடுநடுவுல விளம்பரம் வரும். காசு கம்மியா இருக்கறவங்க ஃப்ரீ சைட்டையே யூஸ் பண்ணுங்க, மிச்சமாகற காசுல பாடபுக்க சொந்தமா வாங்கி குடுங்க, லைப்ரரி புக்குல பென்சில் வைக்கக்கூடாது இல்லீங்களா.