வீட்டோரத்துப் பெருமரம்: சாய்ப்பதா, கழித்து இறக்குவதா, பூம் ட்ரக் பிடிப்பதா?

மாரி தொடங்க முன்னம் மட்டக்களப்பில் மரம் தறிக்க ஆள் தேடுவது வழமை. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைக் கண்டவர்கள், கூரைக்கு மேல் கொப்பு நீட்டிய மாமரத்தை நிம்மதியாகப் பார்க்க மாட்டார்கள்.

அடியோடு சாய்ப்பதுதான் மலிவு, ஒரு காலையில் முடியும். ஆனால் மரத்தின் உயரத்துக்கும் கூடுதலாக வெறும் நிலம் வேணும். அளக்க ஒரு வழி: கை நீளத்துக்கு ஒரு கம்பை முறித்து, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். கம்பு மரத்தை அடியிலிருந்து நுனிவரை சரியாக மறைக்கும்வரை பின்னால் போங்கள். நீங்கள் நிற்கும் இடம்வரை நுனி வரும். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வளவுகளில் இது சரிவரும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், கல்லடியிலோ ஆரையம்பதியிலோ, நுனி அடுத்த வீட்டுக் குசினிக்குள் போய்விடும்.

விழும் பக்கம் ஆப்பு வடிவில் வாய் வெட்டி, பின்பக்கம் வாள் போடும்போது, இடையில் மர விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேணும். அறுக்காமல் விட்ட அந்தத் துண்டுதான், கதவுக்குப் போல, மரத்துக்குப் பிணைச்சல். அதை அறுத்துவிட்டால் மரம் தன் பாட்டில் திரும்பும். வடத்தை லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெஷினில்) கட்டி அவசரப்பட்டு இழுப்பது இன்னும் மோசம். பெரியப்பா வளவில் பின்வெட்டு பாதியில் இருக்கும்போதே இழுத்தார்கள். அடிமரம் நெடுக்காகக் கிழிந்து பின்னால் உதைத்தது. வாள்காரர் ஓரமாக நின்றதால் தப்பினார்.

கழித்து இறக்குவதில் செலவும் நாளும் கூட. ஏறத் தெரிந்தவர் கொப்புக் கொப்பாக வெட்ட, கீழே நிற்பவர் கயிற்றை ஒரு மர அடியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி மெல்ல விடுவார். கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது: அரை மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் நீளமும் உள்ள பச்சைத் துண்டு 300 கிலோவுக்கு மேல் வரும். உள்ளே உக்கிய மரமென்றால் யாரையும் ஏற்றாதீர்கள்.

அப்படிப்பட்ட மரத்துக்குத்தான் பூம் ட்ரக், அதாவது பாரம் தூக்கும் நீள் கை பூட்டிய லொறி. ஒழுங்கைக்குள் வராது, மணலில் அதன் தாங்கு கால் புதையும், கை நீள நீளத் தூக்கும் பாரம் குறையும். காலுக்குக் கீழே தடித்த பலகை போட இடமிருந்தால் கூப்பிடுங்கள்.

எந்த வழியானாலும், வயர் பக்கத்தில் போனால் முதலில் மின்சாரக் காரியாலயத்தில் சொல்லி லைனை நிறுத்த வேணும். பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் பிரதேச செயலக அனுமதி இல்லாமல் தொட முடியாது. கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் பலத்த காற்று) அடிக்கிற நாளில் வாளை எடுக்கவே வேண்டாம்.

எங்கள் மாமரத்தைக் கழித்துத்தான் இறக்கினோம். இரண்டரை நாள் போனது. உடைந்தது மதிலோரத்துப் பூச்சட்டி ஒன்று.